அழுத்திப் பார்த்தல்

கத்திவிடலாமா? கத்தினால் இந்த விரல் மேலே வருமா, இன்னும் உள்ளே இறங்குமா? பள்ளிக்கூடத்தில் பிரம்பு ஓங்கியதுமே அழுத பிள்ளைகளுக்கு, அழுததற்காக இன்னும் இரண்டு விழுந்தது. அழாத எனக்கு அழும்வரை விழுந்தது. எது மேல் என்று அப்போதே புரியவில்லை. பேசாமல் இருப்போம். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

அவள் பல்லியைப் பார்த்தாள். தோல் துறைத் தலைவர் அவளுடைய இடது முன்கையின் உட்புறத்தில் தன் கட்டைவிரலை ஊன்றி, அதன்மேல் மற்ற உள்ளங்கையை வைத்து, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தன் உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கியிருந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். ஒருநாள் காலையில் கையில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. மாவு மூட்டையில் இருந்த எறும்பு கடித்திருக்கலாம், அடுப்புப் பொறி பட்டிருக்கலாம், தட்டின் விளிம்பு இடித்திருக்கலாம். அவள் மட்டும் பார்த்திருந்தால் அதை மறந்தே போயிருப்பாள். கடை முதலாளியம்மா பார்த்துவிட்டாள். முதலாளியம்மா கெட்டவள் இல்லை. ஆனால் நாலு பேர் வாயில் வைக்கிற பண்டம். இது யாருக்கும் ஒட்டாது என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லட்டும், அடுத்த நிமிஷமே உள்ளே வா என்று சொல்லி, பிசையும் மேடையில் வேறொருத்தியை நிறுத்திவைத்தாள். அந்தப் புதியவள் சுறுசுறுப்பானவள். அதுதான் பயமாக இருந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இந்தப் பெரிய மருத்துவமனைக்கு வந்தாள்.

வாசல் கூடத்தில் நிறுவனருக்குச் சிலை இருந்தது. முழுச் சிலை இல்லை, அவருடைய கட்டைவிரல் மட்டும், ஆள் உயரத்துக்கு, வெண்கலத்தில். பீடத்தில் அவருடைய வாக்கைப் பொறித்திருந்தார்கள்: சந்தேகம் வந்தால் அழுத்து. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மீதி ஆளு எங்கடி? கீழ புதைஞ்சு கெடக்காரா?" என்றாள்.

நடைபாதைச் சுவரில் ஒரு பலகை. தோலில் சிவந்து கெட்டிப்பட்ட தடிப்பு வந்தால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். பூச்சிக்கடி, உள்ளே தங்கிய முள், சீழ்க்கட்டி, படை, காசநோய், தொழுநோய், மருந்து ஒவ்வாமை, ஊசி போட்ட இடத்துக் கட்டி, இரத்தக்குழாயில் உறைந்த இரத்தம், தீப்புண், கொழுப்புக் கட்டி, புற்று என்று அது இருபதைத் தாண்டிப் போய், கடைசி வரியில் "நோயாளி" என்று முடிந்தது. கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று அக்கா ஒரு நர்ஸைக் கேட்டாள். மற்றதெல்லாம் இல்லையென்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது அதுதானே என்றாள் நர்ஸ்.

காரணம் முடிவாகாமல் வைத்தியம் செய்வதில்லை என்பது அங்கே சட்டம். எல்லாத் துறைகளும் ஒருமனதாக ஒரே காரணத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை களிம்பு கூடக் கிடையாது. களிம்பு பட்டால் காரணம் கலைந்துவிடும்.

அழுத்தும்போது நோயாளியிடமிருந்து வரும் சத்தம் முக்கியமானது. "ஆ" என்றால் சீழ். "ஐயோ" என்றால் எலும்பு. "அம்மா" என்றால் நரம்பு. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தோல் துறைத் தலைவர் விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, உணர்ச்சி இல்லை, தொழுநோயாக இருக்கலாம் என்று மாணவர்களிடம் சொன்னார். ஊசிகள் வந்தன. தடிப்பைச் சுற்றி வரிசையாகக் குத்தினார்கள். முதலில் நுனி மட்டும், பிறகு பாதி, பிறகு எலும்பு தடுக்கும்வரை. இரத்தம் முழங்கையில் சொட்டியது. அவள் பல்லியைப் பார்த்தாள். வலிக்கவில்லை என்பதில்லை. வலிக்கிறது என்று சொல்வதற்கு அவளுக்குள் ஒரு கதவு இருக்க வேண்டும். அது எப்போது மூடியது, யார் மூடியது என்று அவளுக்கே தெரியாது. வாத்தியாரோ, கடைசிவரை தலைமுடியைப் பிடித்தே பேசிய கணவனோ. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் தைரியம் வந்து, வெறும் எறும்பாக இருக்குமோ என்று மெல்லக் கேட்டாள். தலைவர் அவளைப் பார்க்காமல் மாணவர்கள் பக்கம் திரும்பி, நோயாளியின் அபிப்பிராயமும் நோயின் அறிகுறிதான், குறித்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள். நிறுவனர் வகுத்தபடி, சத்தம் வரும்வரை. வராததால் ஒவ்வொருவருக்கும் நேரம் பிடித்தது. அழுத்தி முடித்ததும் தலைவர் நீலப் பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டார். அது தோல் துறையின் எல்லை. கடுகளவு வந்தது கொட்டைப்பாக்கு அளவு ஆகியிருந்தது.

"நாளைக்கும் வாங்க. நல்லா வளருது," என்றார்.

கிருமித் துறைத் தலைவர் அன்பானவர். எல்லோரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நீல வட்டத்துக்கு வெளியே பச்சை வட்டம் போட்டு, ஆறு வகைக் கிருமியின் சாற்றை ஆறு இடத்தில் தோலுக்குள் ஏற்றினார். எந்த இடம் சிவந்து தடிக்கிறதோ அந்தக் கிருமிதான் காரணம். மறுநாள் ஆறு இடமும் சிவந்து தடித்திருந்தன. இரவெல்லாம் கை கொதித்து, அக்கா ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஆறும் இருக்கு தங்கச்சி. இவ்வளவு ஒழுங்கா யாருக்கும் வந்ததில்ல."

பிறகு, சாறு நன்றாகப் பரவட்டும் என்று ஆறு இடத்தையும் தன் விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டார்.

அடுத்தது கத்தித் துறை. அதன் தலைவர் அதிகம் பேசாதவர். சிவப்புப் பேனாவால் எல்லாவற்றுக்கும் வெளியே பெரிய வட்டம் போட்டு, உள்ளிருந்து மிளகளவு சதையை எடுத்தார். மரத்துப்போக ஊசி போடவில்லை. போட்டால் கிருமித் துறையின் சாறு நீர்த்துவிடும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மிளகு போதவில்லை என்று மறுபடியும் கிள்ளி எடுத்தார்கள். அது எங்கோ தொலைந்தது என்று மூன்றாவது முறையும். கீறித்தான் ஆக வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு அந்தப் பேசாதவர் ஒரே ஒரு தரம் வாய் திறந்தார்.

"கீறிப் பாத்தாதானம்மா கீறணுமான்னு தெரியும்."

தினமும் காலையில் இருவரும் பஸ் பிடித்துப் போய் வந்தார்கள். போகிற வழியில்தான் ரொட்டிக் கடை. கண்ணாடி வழியாகப் புதியவள் தோளசைத்துப் பிசைவது தெரியும். மாவை அழுத்தினால் குழி விழும், விட்டால் மெல்ல எழும். தன் கை அப்படி எழுவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். கை இப்போது பலகை மாதிரி இருந்தது. நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றிலும் சிவப்பு, அதைச் சுற்றி மூன்று நிறங்களில் எல்லைக் கோடு. விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. பிசைவதற்கு இந்த விரல்கள்தான் வேண்டும். ஒட்டாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒட்டுகிறதா என்று யாரும் பார்க்கவுமில்லை. அது காரணத்துக்குப் பிறகு வருகிற பாடம்.

கூட்டு அமர்வு நடந்த அன்று அவளை நடுமேசையில் படுக்கவைத்து, இடது கையை ஒரு பலகையில் நீட்டி வாரால் கட்டினார்கள். மூன்று துறைத் தலைவர்களும் அவரவர் மாணவர்களோடு மூன்று பக்கம் நின்றார்கள். அக்கா கதவோரம். பேசாதவர் நான்காவது முறையாகச் சதை எடுக்கக் கத்தியை வைத்தார். கத்தி ஒரு அரிசி நீளம் பச்சைக் கோட்டைத் தாண்டி, கிருமித் துறையின் எல்லைக்குள் போனது.

கிருமித் துறைத் தலைவர் அவர் கன்னத்தில் அறைந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் கைக்கு மேலேதான் நடந்தது. பேசாதவர் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியலை எடுத்துக் கிருமித் துறைத் தலைவரின் வாயில் போட்டார். இரண்டு பற்கள் மேசையில் உருண்டு அவள் விலாவோரம் வந்து நின்றன. யார் முதலில் அடித்தது என்று விசாரிக்க வந்த தோல் துறைத் தலைவர், இருபக்கமும் அழுத்திப் பார்த்து முடிவு சொல்வோம் என்று ஆரம்பித்தவர், ஒரு மாணவன் வீசிய நுண்ணோக்கி காதில் பட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. மாணவர்கள் துறைவாரியாகப் பிரிந்து முக்காலிகளைத் தூக்கினார்கள். ஒருவன் இன்னொருவனின் தலையைக் கழுவுதொட்டியில் வைத்து இடித்தான். ஒவ்வொரு இடிக்கும் ஒரு காரணத்தின் பெயரைச் சொன்னான். கால் ஊன்ற இடமில்லாதவர்கள் அவள் கைமேல் ஊன்றிக்கொண்டார்கள். மூன்று வட்டங்களும் மற்றவர்களின் இரத்தத்தில் அழிந்தன. கடைசியில் கிருமித் துறைத் தலைவர், மிச்சமிருந்த பற்களால், தோல் துறைத் தலைவரின் இடது முன்கையைக் கவ்வினார். நாலு பேர் இழுத்தும் விடவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்று அவர் முனகியது வாய் நிறையச் சதையோடு வந்தது.

அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எல்லோரும் சத்தம் போடுகிறார்கள். அழகாக, சுலபமாக, ஐயோ என்கிறார்கள், அம்மா என்கிறார்கள். இவர்களுக்கு அந்தக் கதவு இருக்கிறது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வந்ததும் சண்டை நின்றது. உயரமான மனிதர், குரல் உயர்த்தாதவர். தோல் துறைத் தலைவரின் முன்கையில் வட்டமாகச் சிவந்து, கெட்டிப்பட்டு, ஒரு தடிப்பு எழும்பியிருந்தது. கிட்டத்தட்ட அவளுக்கு இருந்த அதே இடம். அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுத்தமான நீரால் கழுவினார்கள், மருந்து போட்டார்கள், ஊசி போட்டார்கள். பஞ்சு வைத்து மெதுவாகக் கட்டி, கழுத்திலிருந்து துணியில் தூளிபோலத் தொங்கவிட்டார்கள். யாரும் அந்தப் பக்கம் மூச்சுவிடக்கூடாது என்று கண்காணிப்பாளர் எச்சரித்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"ஐயா, அவருக்கு அழுத்திப் பாக்கலையா?"

கண்காணிப்பாளர் அக்காவைக் கனிவாகப் பார்த்தார். இவ்வளவு சின்ன விஷயம் கூடத் தெரியாதவர்களிடம் காட்டுகிற கனிவு.

"அவருக்கு வலிக்கும்மா," என்றார்.

யார் முதலில் அடித்தது என்ற விசாரணை தொடங்கியது. அதற்கும் ஒருமனதாகக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் எல்லாத் துறைகளையும் மூடிவிட்டு, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அழுத்த யாரும் இல்லை. மத்தியானம் அவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். ஒரு கட்டைவிரல் தடிப்பின்மேல் ஊன்றியிருந்தது. அவளுடைய சொந்த விரல். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று யோசித்தாள். பஸ்ஸில், படுக்கையில், சோற்றுத் தட்டின் முன்னால், எல்லா நேரமும் அழுத்தியிருக்கிறாள். இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க. கெட்டியாக இல்லையென்றால் நாளைக்குப் போய் எதைக் காட்டுவது என்ற பயத்தில். அவர்களுடைய விரல் அவள் கையில் முளைத்துவிட்டது.

அந்த வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் அக்கா வந்து, எதுக்குடி கை மேல உக்காந்திருக்க என்று கேட்டபோது, கடிக்கிற நாயைக் கட்டி வைத்திருக்கிறேன் என்றாள். அக்கா சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். பழைய சேலையைக் கிழித்து வலது கட்டைவிரலைத் துணியால் தடிமனாகச் சுற்றிவிட்டாள். இடது கையைக் கழுவி மடியில் வைத்தாள். இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

தடிப்பு தளர்ந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். சிவப்பு பழுப்பாகி, பழுப்பு மங்கியது. கத்தி போன இடங்கள் காய்ந்து பொருக்குத் தட்டின. விரல்கள் மடங்கின. ஒருநாள் அக்கா கொஞ்சம் கோதுமை மாவைக் கொடுத்தாள். அவள் பிசைந்தாள். வலித்தது, ஆனால் முடிந்தது. அழுத்திய குழி மெல்ல எழுந்து வந்தது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மருத்துவமனை வண்டி வந்தது.

பெரிய அரங்கம். வெளியூர்களிலிருந்து நிபுணர்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் மூன்று துறைத் தலைவர்களும் சமாதானமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு முன்பற்கள் இல்லை, ஒருவருக்குக் காதில் கட்டு. அந்தக் காதுக் கட்டுக்காரரின் முன்கை வடுக்கூட இல்லாமல் ஆறியிருந்தது. அவளை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தாள். அக்கா பக்கத்தில் நின்றாள்.

கண்காணிப்பாளர் பேசினார். நம்முடைய நிறுவனம் நோயாளிகளுக்காக இருக்கிறது, நோயாளிகள் இல்லாவிட்டால் நம்மிடம் இவ்வளவு கட்டில்கள் இருந்திருக்குமா என்றார். குணமாக்குவது யாராலும் முடியும், காலமே பாதிக் குணமாக்கிவிடுகிறது, அதற்கு யாரும் காலத்துக்குப் பட்டம் கொடுப்பதில்லை, காரணம் சொல்வதுதான் கல்வி என்றார். பலத்த கைதட்டல். கருத்து வேறுபாடுகள் தீர்ந்துவிட்டன, மூன்று துறைகளும் ஒருமனதாக இந்தத் தடிப்பின் காரணம் நடைபாதைப் பலகையின் கடைசி வரியான நோயாளிதான் என்று முடிவு செய்திருக்கின்றன, இப்போது சபையோர் ஒவ்வொருவராக வந்து அழுத்திப் பார்த்து உறுதி செய்யலாம் என்றார்.

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

முன்வரிசை எழுந்து வந்து குனிந்தது. கையில் மங்கலான ஒரு தழும்பும் நாலைந்து பொருக்கும் இருந்தன. தோல் துறைத் தலைவர் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. அவர் முகம் வெளிறியது. கிருமித் துறைத் தலைவர் பல் போன வாயால், மோசம் பண்ணிட்டியே தங்கச்சி என்றார். தடயத்தை அழித்திருக்கிறார்கள், யாரோ திருட்டுத்தனமாக வைத்தியம் செய்திருக்கிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். முக்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பேசாதவரின் கை சட்டைப் பைக்குள் போனது. பையின் துணிமேல் கத்தியின் வடிவம் தெரிந்தது.

"என்ன வைத்தியம் செஞ்சீங்க?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"ஒண்ணுமே செய்யல," என்றாள் அக்கா. "அதான் ஆறிடுச்சு."

கண்காணிப்பாளர் சபையைக் கையமர்த்தினார். அவள் முன்னால் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய மனிதர் தன் முன்னால் மண்டியிடுவதை அவள் பார்த்ததில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்றார். இத்தனை பேர் இருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் அழுத்தினால் சாயங்காலத்துக்குள் பழையபடி சிவந்து கெட்டியாகிவிடும், முடிவை அறிவித்துவிடலாம் என்றார். அவள் என்ன வார்த்தைக்காக வந்தாள் என்பது தனக்கு நினைவிருக்கிறது என்றும் சொன்னார். மேசையிலிருந்த தொலைபேசியை வரவழைத்து, ரொட்டிக் கடையின் எண்ணை அக்காவிடமே கேட்டுச் சுழற்றினார். மறுமுனையில் முதலாளியம்மாவின் குரல் எழுந்தது. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், அடுப்புக் கதவு சாத்தும் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தங்கள்.

கண்காணிப்பாளர் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஒட்டாதுன்னு இப்பவே சொல்லிடறேன். கையை மட்டும் நீட்டும்மா."

கையை நீட்டு. வாத்தியார் சொன்னபோது நீட்டினாள். சாவி எங்கே என்று கணவன் கேட்டபோது, விரலை ஒவ்வொன்றாக அவன் பின்னால் வளைப்பான் என்று தெரிந்தே நீட்டினாள். இங்கே வந்து, யார் யார் என்றுகூடப் பார்க்காமல் நீட்டினாள். இப்போதும் இடது கை தானாகவே மடியிலிருந்து கொஞ்சம் எழும்பிவிட்டது. அவள் பல்லியைத் தேடினாள். இந்தச் சுவர் புதிதாக வெள்ளையடித்தது. எதுவும் இல்லை. முகங்கள்தான் இருந்தன. முகங்களுக்கு முன்னால் வரிசையாகத் தூக்கிப் பிடித்த கட்டைவிரல்கள்.

தொலைபேசிக்குள்ளிருந்து முதலாளியம்மா, ஹலோ, ஒட்டுமா ஒட்டாதா, சொல்லுங்க, எனக்கு அடுப்பில ரொட்டி கெடக்கு என்றாள். அக்கா அவள் தோளில் கையை வைத்தாள், எடை இல்லாமல்.

அவள் எழும்பிய கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுங்க," என்றாள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "நான் நீட்டலைங்க."

சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.